என் பிரெஞ்சு ஒன்றும் அறுபது ரூபாயும்

போன வாரம் என் தங்கை மகன் பெங்களூரிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனான். விமானத்தில் வழிகாட்டும் கருவிகளைச் சோதிப்பது அவன் வேலை. கையால் அல்ல; எதை, எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்று இயந்திரத்துக்கு நிரல் எழுதிக் கொடுப்பது. "மனுஷன் பார்த்தா தப்பு வரும் மாமா. அதனாலதான் மெஷின்" என்றான்.

எனக்கு அது உறைத்தது. முப்பது வருடத்துக்கு மேல் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டே சம்பளம் வாங்கியவன் நான்.

பழைய முறை எப்படி என்று கேட்டேன். உயரமானியை உதாரணமாகச் சொன்னான். அது காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் காட்டும் கருவி. பட்டறையில் அதை ஒரு பம்பில் இணைத்து, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவார்கள். கருவி மேஜையை விட்டு நகராது. ஆனால் முள் ஆயிரம், இரண்டாயிரம், பத்தாயிரம் அடி என்று ஏறும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் முள்ளைப் பார்த்து எழுத வேண்டும். அமெரிக்க விதிப்படி, கடல் மட்டத்தில் 20 அடி வரையும், 10,000 அடியில் 80 அடி வரையும் பிசகலாம். அதற்கு மேல் போனால் கருவி தேறாது.

மாலை ஐந்து மணிக்கு, வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், முள் 85 அடி தள்ளி நின்றால் கண் அதை 80 என்றே படிக்கும். இயந்திரத்துக்கு அந்த ஆசை கிடையாது. அழுத்தத்தைத் தானே வைத்து, தானே படித்து, வரம்போடு ஒப்பிட்டு, தேறியதா இல்லையா என்று அச்சடித்துக் கொடுத்துவிடும்.

கண் தனக்கு வேண்டியதைத்தான் படிக்கும் என்பதை நான் சிறு வயதிலேயே கற்றவன். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தேன். 'திக்தே' என்று தினமும் சொல்வதெழுதுதல் உண்டு. எழுதி முடித்ததும் ஆசிரியர் கடைசி வார்த்தையிலிருந்து முதல் வார்த்தை வரை பின்னோக்கிப் படித்துத் திருத்தச் சொல்வார். நேராகப் படித்தால் எழுதியது தெரியாது, எழுத நினைத்ததுதான் தெரியும் என்பார்.

அதே பள்ளிக்கூடம் எனக்கு இன்னொரு பழக்கத்தையும் கொடுத்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1 எழுதும்போது முன்னால் நீளமாக ஒரு கோட்டை ஏற்றி இறக்குவார்கள். ஏழோடு குழம்பாமலிருக்க, ஏழின் நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவார்கள். இந்த ஏற்பாடு நம் ஊர் அலுவலகத்தில் யாருக்குத் தெரியும்?

1983 வாக்கில் நான் குடும்ப ஓய்வூதியப் பிரிவில் இருந்தேன். ஓர் அம்மாளுக்கு மாதம் 412 ரூபாய் என்று என் கையால் எழுதினேன். தட்டச்சில் அது 472 ஆகிவிட்டது. பிறகு ஒத்துப்பார்த்தோம். எதிரில் இருந்தவர் தட்டச்சுப் பிரதியை உரக்கப் படித்தார். நான் என் கைப்பிரதியைப் பார்த்து டிக் அடித்தேன். "நானூற்று எழுபத்திரண்டு" என்பது காதில் விழுந்தது. கண் தாளில் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். கை டிக் அடித்துவிட்டது.

பதினோரு மாதம் கழித்துத் தணிக்கையில் வெளிவந்தது. கூடுதலாகப் போன 660 ரூபாயை மாதம் அறுபதாகப் பிடித்தம் செய்ய உத்தரவு. 472 வாங்கிக்கொண்டிருந்தவர் கையில் 352 விழுந்தது. நேரில் வந்தார். "பொண்ண டைப் கிளாஸ்ல சேர்த்துட்டேன் சார். ரெண்டு பேர் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். என் சம்பளத்திலிருந்து கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. கோப்பில் 'எழுத்துப் பிழை' என்று எழுதி முடித்துக்கொண்டோம்.

எங்கள் பிழைக்கு விலை 660 ரூபாய். வானத்தில் விலை வேறு. 1978 ஜனவரி 1 இரவு, பம்பாயிலிருந்து துபாய் கிளம்பிய ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' பாந்த்ராவுக்கு அப்பால் கடலில் விழுந்தது. 213 பேரும் போனார்கள். விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கருவி, தலைமை விமானியின் பக்கம் பழுதாகிவிட்டது. வெளியே இருட்டு. அவர் அதை நம்பி இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார். இன்றைய விமானங்களில் இரண்டு பக்கக் கருவிகளையும் கணினி ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. முரண்பட்டால் உடனே எச்சரிக்கிறது. ஒத்துப்பார்க்கும் குமாஸ்தா, ஆனால் தூங்காத குமாஸ்தா.

"அப்போ மெஷின் வந்தா கவலையே இல்லையா?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் கேட்டது. நாங்கள் இருப்பது பிள்ளையார்பாளையம். பார்க்க வேண்டும் என்றான், கூட்டிக்கொண்டு போனேன். தறிக்கு மேலே ஜக்கார்டு அட்டைகள் சங்கிலியாகத் தொங்கின. லியோன் நகரத்து ஜக்கார் 1804-ல் கொண்டுவந்தது. எந்த இழை தூக்க வேண்டும் என்பதை ஆள் நினைவில் வைக்க வேண்டாம், அட்டையின் ஓட்டை சொல்லிவிடும்.

"தப்பே வராதாண்ணா?" என்று கேட்டான். நெசவாளர் சிரித்தார். "கையால தப்பு பண்ணினா ஒரு எடத்தோட போச்சு. அட்டையில ஒரு ஓட்டை தப்பானா, புட்டாவுக்குப் புட்டா அதே தப்பு வரும் தம்பி."

திரும்பி வரும்போது பையன் சொன்னான்: "எங்க நிரலும் அதேதான் மாமா. 80-ன்னு எழுத வேண்டிய எடத்துல நான் 800-ன்னு எழுதிட்டா, கெட்டுப்போன கருவி எல்லாமே தேறிடும்." அதற்கு என்ன செய்கிறீர்கள் என்றேன். பழுது என்று தெரிந்த கருவியையே வேண்டுமென்று பொருத்திப் பார்ப்பார்களாம். இயந்திரம் அதைத் தேறியது என்று சொன்னால் நிரலில் தப்பு என்று அர்த்தம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் கணக்கைச் சரிபார்த்தோம். சரிபார்ப்பவனை யாரும் சரிபார்க்கவில்லை. மாதம் ஒருமுறை கண்காணிப்பாளர் ஒரு தப்பான தொகையை வேண்டுமென்றே நடுவில் வைத்து, நான் பிடிக்கிறேனா என்று பார்த்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். ஆனால் என் கை தூங்கிக்கொண்டே டிக் அடிக்கிறது என்பது ஒரே மாதத்தில் தெரிந்திருக்கும். அந்த அம்மாளுக்கு அறுபது ரூபாய் கூடவும் வந்திருக்காது, குறையவும் குறைந்திருக்காது.

பஸ் ஏற்றிவிடும்போது பையனிடம் திக்தே கதையைச் சொன்னேன். நிரலைக் கடைசி வரியிலிருந்து ஒருமுறை படித்துப் பார் என்றேன். சிரித்துக்கொண்டே சரி மாமா என்றான்.