துறைமுகத் தாளம்

கப்பல்துறைப் பக்கத்துத் திருமண வீடுகளில் இராப்போசனத்தின் பின்னர் ‘சுராங்கனி’ ஒலியாது போவதில்லை. 2018இற் காலமான ஏ. ஈ. மனோகரன் பாடியவாறே அஃது இன்று ஒலிப்பது அரிது. கணினியில் ‘றீமிக்ஸ்’ செய்யப்பெற்று, நெஞ்சை அதிர்விக்கும் மின்முழவுடன் வருகின்றது. இளைஞர் துள்ளுகின்றனர். பைலா ஆடிப் பழகிய முதியவர் ஒருவர் எழுந்து, இரண்டடி வைத்துப் பார்த்து, மீண்டும் கதிரையில் அமர்ந்துவிடுகின்றார். முதுமையாற் கால் தவறவில்லை, தாளமே மாறிவிட்டது.

பைலாவின் ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிளவுறும். நம்மவர் இதனைத் திஸ்ர நடை என்பர். அதன் ஊஞ்சலாட்டம் அம்மூன்றிலேயே உண்டு. இன்றைய நடன இசையோ பெரும்பாலும் அடியை இரண்டாகவும் நான்காகவும் அறுப்பது. மூன்றை நான்கினுள் அடைத்தால் மெட்டு எஞ்சும், ஆட்டம் போய்விடும்.

ஸ்பானிய மொழி றொக் பாடல்களுள் முதன்மையான ‘லா பம்பா’வுக்கு இவ்விடர் நேரவில்லை. மெக்சிக்கோவின் வெராகுரூஸ் துறைமுகப் பகுதியின் நாட்டுப்பாடலாகிய அதனை, 1958இல் றிச்சி வலென்ஸ் மின்கிற்றாரில் ஏற்றினார். அவருக்கோ ஸ்பானியம் சரளமாக வராது. (சிங்களம் அறியாமலே சுராங்கனியை முணுமுணுக்கும் நம்மவர் அவரை நகைத்தற்கில்லை.) 1987இல் லொஸ் லோபோஸ் குழுவினர் அதனை மீண்டும் பாடினர். அப்பாடல் முன்பே நான்கின் நடையினது. ஆதலால் எந்த நடன முழவும் அதன்மீது இலகுவிற் பொருந்தும்.

சுராங்கனியின் தாளத்துக்கும் துறைமுகமே தாய்வீடு. போர்த்துக்கேயர் 1624இல் திருக்கோணமலையிற் கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி போயினும், போர்த்துக்கேயக் கிரியோல் மொழியும் ‘கபிரிஞ்ஞா’ ஆட்டமும் திருக்கோணமலை, மட்டக்களப்புப் பறங்கியரிடையே நிலைத்தன. ஆபிரிக்கரின் தாளமும் அதிற் கலந்தது. அம்மொழியை வீட்டிற் பேசுவோர் இன்று மிகச் சிலரே. சொல் மறந்தோரிடத்தும் அவ்வாட்டம் காலில் எஞ்சியிருக்கின்றது. றீமிக்ஸ் கைவைப்பது அந்த எச்சத்திலேயே.

கலப்பைக் குறைகூறுதல் பொருந்தாது. பைலாவே கலப்புத்தான், 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா சுராங்கனியை எடுத்தாண்டதும் கலப்பே. அடியை மூன்றாகப் பிரிப்பது கணினிக்குக் கடினமுமன்று. ஒரு பாட்டின் வாலில் அடுத்ததன் தலையை இடைவெளியின்றிப் பொருத்த வேண்டும் என்பதற்காகவே யாவும் ஒரே நடைக்கு ஒடுக்கப்படுகின்றன. ஓரிரு கணம் மௌனம் நேர்ந்தால் ஆடுவோர் கலைந்துவிடுவர் என்பது ஒலிபெருக்கிக்காரரின் அச்சம். அந்த மௌனத்திற்றான் முன்னாளில் வயலின்காரர் நரம்பை முறுக்கிக்கொண்டார். ஆடியோர் வியர்வை துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றனர்.