ரெண்டு கோப்பை, தொண்ணூறு வருஷம்

வாலிகண்டபுரத்துல டென்னிஸ் பந்து வச்சு ஆடுற பசங்ககிட்ட சென்னை சூப்பர் கிங்ஸ் பத்திக் கேளுங்க, பதினோரு பேரையும் ஒப்பிப்பாங்க. தமிழ்நாடு ரஞ்சி டீம் கேப்டன் யாருன்னு கேட்டா முழிப்பாங்க. தப்பு பசங்க மேல இல்லை.

இத்தனைக்கும் ரஞ்சிக் கோப்பையோட முதல் மேட்சே நம்மளோடதுதான். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம், மெட்ராஸ் - மைசூர். முதல் பந்தைப் போட்டவர் எம்.ஜே.கோபாலன் (மனுஷன் ஹாக்கியிலயும் இந்தியாவுக்கு ஆடினவர்!). ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் எடுக்க, மைசூர் 48, 59ன்னு சுருண்டது. ஒரே நாள்ல ஆட்டம் க்ளோஸ்.

ஆனா கோப்பை கைக்கு வர 1954-55 ஆச்சு. பாலு அழகணன் தலைமையில, இந்தூர்லயே போய் ஹோல்கரை ஜெயிச்சாங்க. அடுத்தது 1987-88, வாசுதேவன் கேப்டன், சேப்பாக்கத்துல ரயில்வேஸைத் தோற்கடிச்சு. அவ்ளோதான் :-( அதுக்கப்புறம் ஆறு ஃபைனல், ஆறும் தோல்வி. கடைசியா 2014-15ல கர்நாடகாவோட கருண் நாயர் ஒருத்தரே 328 அடிச்சார்.

எல்லாத்தையும் விடக் கொடுமை 1972-73 ஃபைனல். சொந்த மண், சுழல் பிட்ச், நம்ம பக்கம் வெங்கட்ராகவன், வி.வி.குமார். பம்பாயை 151, 113க்குள்ள அடக்கியாச்சு. ஜெயிக்க வேண்டியதுதானே? சிவால்கர் 13 விக்கெட் எடுத்தார். நம்மாளுங்க 80, 61. மூணாம் நாள் முதல் பந்தோட மேட்ச் முடிஞ்சது.

சரி, தோக்குறதாலதான் பசங்க கண்டுக்கலையா? அப்படிப் பார்த்தா வெங்கட்ராகவன் கவுண்டி ஆடின டெர்பிஷயர் ஜெயிச்சது 1936ல ஒரே ஒரு கவுண்டி சாம்பியன்ஷிப் பட்டம். சாமர்செட்டுக்கு அதுவும் இல்லை. ஆனாலும் ஊர் ஜனம் விடாம வருது, ஏன்னா அது அவங்க ஊர் டீம். நம்ம டீமுக்குப் பேர்தான் தமிழ்நாடு. ரொம்ப காலத்துக்கு அதுக்குள்ள நுழையுற கதவு சென்னை லீக் மட்டும்தான். வாலிகண்டபுரத்துலேர்ந்து சென்னை சுமார் 250 கி.மீ. வார இறுதியில லீக் ஆடணும்னா அங்க தங்கணும், வேலையோ காலேஜோ தேடிக்கணும். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனும் சென்னை வந்து ஆடித்தான் மேல போனார். 2021 ஜனவரியில பிரிஸ்பேன்ல டெஸ்ட் ஆடினார்.

2020ல சேலம் வாழப்பாடிகிட்ட ஒரு கிரவுண்ட் திறந்தாங்க. 2025 ஜனவரியில தமிழ்நாடு அங்கேயே சண்டிகரோட ரஞ்சி மேட்ச் ஆடி ஜெயிச்சுது. பெரம்பலூர்ப் பக்கத்துலேர்ந்து ஆத்தூர் வழியா காலைல கிளம்பினா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்.