சும்மா கிடக்கும் பேட்டரிக்கும் தீனி வேண்டும்!

அந்தியூர் பக்கம், பர்கூர் மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலக்கடலை. புரட்டாசி மாதம், காய் திரண்டு நிற்கும் நேரம். விடிவதற்கு முன்பே டார்ச் லைட்டோடு காட்டுக்குள் போன அந்த விவசாயிக்கு, வழக்கமாகக் கேட்கும் சோலார் வேலி மெஷினின் 'டிக் டிக்' சத்தம் கேட்கவில்லை. நாலு எட்டு உள்ளே வைத்ததுமே காரணம் புரிந்துவிட்டது. அரை ஏக்கர் செடி வேரோடு கிளறிக் கிடந்தது. காட்டுப்பன்றிக் கூட்டம் வந்து போயிருந்தது.

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்தக் கடலையைத்தான் அவர் நம்பியிருந்தார்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஆகாதுங்க, நேரா லைன்ல இருந்து கம்பிக்கு கரன்ட் விட்டுருங்க" என்றார். அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். சோலார் வேலி விட்டு விட்டுத்தான் அடிக்கும். விரட்டுமே தவிர, கொல்லாது. நேரடி மின்சாரம் பன்றியோடு நிற்காது. தெரியாமல் வரப்பில் நடந்து வரும் மனுசனையும் கொல்லும். சட்டப்படியும் குற்றம்.

முதல் நாள் மாலை பார்த்தபோது சார்ஜ் கன்ட்ரோலரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பேனலிலும் குறையில்லை, மெஷினிலும் குறையில்லை. மிச்சம் இருந்தது 60 ஏ.எச். ட்யூபுலர் பேட்டரி. வாங்கி இரண்டு வருஷம்தான். அதிலும் வருஷத்துக்கு நாலு மாசம்தான் வேலை. அது எப்படிக் கெட்டுப்போகும்?

அந்தியூர் பேட்டரிக் கடையில் இரவு முழுக்க சார்ஜ் போட்டார்கள். சார்ஜ் ஏறும்போது மீட்டர் 14 வோல்ட் காட்டியது. கழற்றி நாலு மணி நேரம் வைத்துப் பார்த்தால் 12-க்குக் கீழே இறங்கிவிட்டது. நல்ல பேட்டரி 12.5-க்கு மேல் நிற்க வேண்டும். கடைக்காரர் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு அறையாக விட்டுப் பார்த்தார். 1.240 காட்ட வேண்டிய ஆறு அறைகளிலும் 1.150-ஐத் தாண்டவில்லை.

"ஏனுங்கண்ணா, கடலை புடுங்குனதுக்கு அப்புறம் இதை எங்க வெச்சிருந்தீங்க?"

"மோட்டார் ரூம்லதானுங்க. வயரைக் கழட்டி, சாக்குப் போட்டு மூடி, பத்திரமா வெச்சிருந்தேன்."

"சார்ஜ் ஏத்திட்டு வெச்சீங்களா? நடுவுல ஒருக்காவாவது ஏத்துனீங்களா?"

"ஓடவே இல்லையேங்க, அப்புறம் எதுக்கு ஏத்தோணும்?"

"அதுதானுங்கண்ணா அதைக் கொன்னுருச்சு" என்றார் கடைக்காரர்.

ஆசிட் பேட்டரி வேலை செய்யாமல் கிடந்தாலும், சார்ஜ் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டேதான் இருக்கும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் இன்னும் வேகமாக இறங்கும். சார்ஜ் குறைந்த நிலையில் மாசக்கணக்கில் கிடந்தால், ஈயத் தகடுகளில் படியும் சல்பேட் இறுகிக் கல்லாகிவிடும். அதன் பிறகு பகலில் வெயில் வந்ததும் வோல்ட் சட்டென்று ஏறி, பச்சை விளக்கு எரியும். ஆனால் உள்ளே சரக்கு இருக்காது. நடுராத்திரிக்குள் படுத்துவிடும். அவர் காட்டிலும் அதுதான் நடந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது, மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே கேட்டார்: "கறவை நின்னு போச்சுன்னு தீனி போடாம கட்டி வெச்சா, அடுத்த ஈத்துக்கு மாடு நிக்குமா?"

அந்த வருஷம் மனைவியின் வளையலை கூட்டுறவு வங்கியில் வைத்துத்தான் மகளுக்குக் கட்டணம் கட்டினார்கள். பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்து, விலையில் கழித்துக்கொண்டு, புதியது வாங்கி வந்தார். அன்றிலிருந்து அவர் வழக்கம் மாறியது.

கடலை பிடுங்கி வேலியை நிறுத்தியதும் முதல் வேலை, பேட்டரிக்கு முழு சார்ஜ். ஏ.எச். அளவில் பத்தில் ஒரு பங்கு கரன்ட் போதும். 60-க்கு 6 ஆம்பியர். ஆறு அறைகளிலும் ஒரே சீராகக் குமிழி வந்து, மணிக்கு ஒருமுறை பார்த்ததில் ஹைட்ரோமீட்டர் அளவு மூன்று முறையும் ஏறாமல் நின்றால் சார்ஜ் நிறைந்தது என்று கணக்கு. அந்த நேரம் காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் பீடி, தீப்பெட்டி கூடாது. வெளியே வரும் வாயு தீப்பிடிக்கக் கூடியது.

பேட்டரித் தண்ணீர் ஊற்றுவது சார்ஜ் ஏறி முடிந்த பிறகுதான். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முன்பே ஊற்றுகிறார். போர் தண்ணீர் ஆகாது, ஆசிட்டும் ஊற்றக் கூடாது. மேலே படிந்த தூசியை ஈரத் துணியால் துடைக்கிறார். டெர்மினலில் பூத்த வெள்ளையை, மூடிகளை இறுக்கிவிட்டு, ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் கழுவி, காய்ந்ததும் வாஸ்லின் தடவுகிறார். கழற்றும்போது முதலில் மைனஸ் வயர், மாட்டும்போது கடைசியில் மைனஸ்.

சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்று ஊரில் சொல்வார்கள். அது பழைய ரப்பர் பெட்டிக் காலத்துப் பேச்சு. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது. அதற்கு ஆகாதது வெயில்தான். அதனால் மோட்டார் ரூமை விட்டு, ஓலை வேய்ந்த மாட்டுக் கொட்டகைக்குப் பேட்டரி வந்துவிட்டது. பேனலை வீட்டுக் கூரைக்கு மாற்றி, கன்ட்ரோலர் வழியாகவே பேட்டரியோடு இணைத்திருக்கிறார். முதலில் பேட்டரி வயர், பிறகு பேனல் வயர். கழற்றும்போது பேனல் முதலில். கொட்டகையில் ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு இரவில் எரிகிறது. பகலில் அந்தச் செலவைப் பேனல் ஈடுகட்டுகிறது.

மாசம் ஒருமுறை, அமாவாசை அன்று, பல்பை முந்தின இரவே அணைத்துவிட்டு, சூரியன் வருவதற்கு முன் மீட்டர் வைத்துப் பார்க்கிறார். வெயில் விழுந்த பிறகு பார்த்தால் பேனல் காட்டும் பொய்க் கணக்குதான் தெரியும். 12.4-க்குக் கீழே இருந்தால் அன்றைக்கே சார்ஜரில் போட்டுவிடுவார்.

அடுத்த புரட்டாசியில் விடிகாலை ஐந்து மணிக்கு மெஷின் 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டிருந்தது. வேலிக்கு வெளியே பன்றிக் கால்தடம் கம்பி வரை வந்து, திரும்பிப் போயிருந்தது. கடலை விற்ற காசில் தை மாதம் வளையல் வீட்டுக்கு வந்தது. கொட்டகையில் பல்பு இன்னும் எரிகிறது.