சிலாப்புக்குக் கீழே ஒரு வாய்க்கால்

கொஞ்சம் நீளமான த்ரெட். எலிக்காய்ச்சல்ல ஆரம்பிச்சு ஏரிக்குப் போகும். பொறுமையா படிங்க.

2024 டிசம்பர். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து பத்து நாள் இருக்கும். திண்டிவனத்துல என் கிளினிக்குக்கு ஒரு கொத்தனார் வந்தார். நாலு நாளா காய்ச்சல். கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருக்கு, ஆனா பீளை இல்லை. கெண்டைக்காலைத் தொட்டதும் கத்திட்டார். வெள்ளத்துக்கு அப்புறம் இந்த மூணும் சேர்ந்து வந்தா முதல்ல கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: "தண்ணியில நின்னீங்களா?"

"நிக்காம எங்க சார் போறது? வீட்டுக்குள்ளயே மூணு நாள் தண்ணி."

எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரோசிஸ். எலியோட சிறுநீர் கலந்த தண்ணியில நிக்கும்போது கால்ல இருக்கற வெடிப்பு, சிராய்ப்பு வழியா கிருமி உள்ளே போயிடும். சீக்கிரம் கண்டுபிடிச்சா சாதாரண ஆன்டிபயாடிக் போதும். விட்டா மஞ்சள் காமாலை, கிட்னி பாதிப்புன்னு போய் உயிருக்கே ஆபத்து. (வெள்ளத்துக்கு அப்புறம் காய்ச்சல்னா மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கிப் போட்டுட்டு உக்காராதீங்க. தண்ணியில நின்னேன்னு டாக்டர்கிட்ட நீங்களாவே சொல்லுங்க. கூட்டத்துல நாங்க கேக்க மறந்துடுவோம்.)

நல்லபடியா தேறிட்டார். மறுபடி காட்ட வந்தப்ப, கிளம்பற நேரத்துல தயங்கித் தயங்கி சொன்னார்.

"தப்பா நினைக்காதீங்க சார். எங்க தெருவுல தண்ணி நின்னதுக்கு உங்க வாசலும் ஒரு காரணம். அந்த சிலாப்புக்கு கீழ வாய்க்கா போகுது. சிலாப்பு போட்டதே நான்தான்."

பேஷன்ட் ஏறி வர வசதியா இருக்கட்டும்னு நான் சொல்லிப் போட்ட சிலாப். கீழே என்ன இருக்குன்னு அன்னைக்கு நான் கேக்கல. ஒரு பைப்பைப் புதைச்சு மேல கான்கிரீட் போட்டாச்சு. அந்த பைப்பும் மண் அடைச்சு வருஷக்கணக்காச்சு.

முதல்ல எனக்குக் கோபம்தான் வந்துச்சு. பக்கத்துல மயிலத்துல ஒரே நாள்ல 50 செ.மீ.க்கு மேல கொட்டின மழை அது. கிடங்கல் ஏரியே நிரம்பி வழிஞ்சுது. இதுல என் வாசல் என்ன பெரிய விஷயம்?

ராத்திரி யோசிச்சப்பதான் உறைச்சுது. அவ்வளவு மழைக்குத் தண்ணி வந்தே தீரும். ஆனா மழை விட்டப்புறமும் மூணு நாள் நின்னது மழையோட வேலை இல்லை. தேங்கின அழுக்குத் தண்ணியில எத்தனை நாள் நடமாடுறோமோ அத்தனை நாளும் ஆபத்துதான். அதுக்கு நானும் இடம் கொடுத்திருக்கேன், அப்புறம் காய்ச்சலுக்கு நானே ஃபீஸும் வாங்கியிருக்கேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஏழெட்டு பேர் தெருவுல இறங்கி நடந்தோம். முன்னாடி கொத்தனார். அவங்க அம்மாவுக்கு வயசு எழுபதுக்கு மேல. "இங்கதான் களம். இதைத் தாண்டி வாய்க்கா. ஏரி ரொம்பினா கலங்கல் தண்ணி இப்படித்தான் ஓடும்"னு கையைக் காட்டிக்கிட்டே வந்தாங்க. அவங்க காட்டின இடத்துல இப்ப மூணு காம்பவுண்டு சுவர். அப்புறம் பழைய எஃப்எம்பி, அதாவது புல வரைபடம், எடுத்துப் பார்த்தோம். அந்தம்மா கை காட்டின வழியிலேயே கோடு. 'வாய்க்கால்'னு அழகா எழுதியும் இருக்கு.

டாக்டருக்குப் படிக்கிற எல்லாருக்கும் ஜான் ஸ்நோ கதை தெரியும். 1854-ல லண்டன்ல காலரா வந்தப்ப தெருத்தெருவா கணக்கெடுத்து, பிராட் தெருவோட அடிபம்புதான் காரணம்னு சொன்ன டாக்டர். ஹென்றி ஒயிட்ஹெட்டை யாரும் சொல்றதில்லை. அதே பகுதியோட பாதிரியார். முதல்ல ஸ்நோ சொன்னதை அவர் நம்பல. ஆனா ஒவ்வொரு வீட்டையும் தெரிஞ்சவர். வீடு வீடா விசாரிச்சு, நோய் எந்தக் குழந்தைகிட்ட தொடங்கியிருக்கணும்னு கண்டுபிடிச்சது அவர்தான். எங்களுக்கு அந்த ஒயிட்ஹெட், கொத்தனாரோட அம்மா.

உத்திரமேரூர் கல்வெட்டுன்னதும் எல்லாரும் குடவோலையைத்தான் பேசுறோம். ஓலை போட்டு எதுக்கு ஆளைத் தேர்ந்தெடுத்தாங்க? அதுல ஒண்ணு ஏரி வாரியம். முதலாம் பராந்தகன் காலத்துல, 919, 921-லயே, ஊர் ஏரியைப் பாத்துக்க ஊர்க்காரங்களே ஒரு குழு. ஆயிரம் வருஷம் கழிச்சு நாம ஏரி இருந்த இடத்துல விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டைக் கட்டிட்டு, மழைக்கு மழை உள்ளே தண்ணி நிக்குதுன்னு ஆச்சரியப்படுறோம்.

இன்னைக்கும் வழி இல்லாம இல்லை. நகரத்துல வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022-ல விதிகள் வந்தாச்சு. கிராமம்னா வருஷத்துக்கு ஆறு கிராம சபை இருக்கு, அதுல மார்ச் 22 தண்ணீர் தினம். "சாக்கடை சரியில்லை"ன்னு வாயால சொன்னா "பாக்கிறோம்"னு பதில் வரும். எந்த இடத்துல எவ்வளவு அடைப்புன்னு குறிச்ச வரைபடத்தைக் கொடுத்து, தீர்மானத்துல ஏத்தச் சொன்னா பேச்சே வேற மாதிரி போகுது. நாங்க அப்படித்தான் கொடுத்தோம்.

இதுல எனக்கு ஒரு பயமும் இருந்துச்சு. ஆக்கிரமிப்பு அகற்றம்னு ஆரம்பிச்சா முதல்ல குடிசைதான் போகும், பெரிய கட்டடம் வரும்போது ஜேசிபி ரிப்பேர் ஆயிடும். வாய்க்கால் ஓரத்துல நாலு குடும்பம் இருக்கு. மாத்து இடம் கொடுக்காம அவங்க மேல கை வைக்கக் கூடாதுன்னு தீர்மானத்துலயே எழுதச் சொன்னோம். கூட்டத்துல பெரிய சண்டை. ஒருத்தர் இன்னும் என்கிட்ட பேசறதில்லை, அவரோட சுகர் மாத்திரைக்கு வேற டாக்டர்கிட்ட போறாராம். காம்பவுண்டு சுவர்ல ஒண்ணு பின்னாடி நகர்ந்திருக்கு. ரெண்டு அப்படியே நிக்குது.

இது எங்க தெருவோட முடியற விஷயமும் இல்லை. திண்டிவனம், வானூர் பக்கத்துப் பல ஏரிகளோட உபரித் தண்ணி கடைசியா மரக்காணத்துக்கிட்ட கழுவெளிக்குத்தான் போய்ச் சேருது. பழவேற்காடுக்கு அடுத்து தென்னிந்தியாவோட பெரிய உவர்நீர் ஏரி. 2021-ல பறவைகள் சரணாலயம்னு அறிவிச்சாங்க. வாய்க்கால்ல நாம வீசற பால் கவர் எங்க போகும்னு தெரியணும்னா ஒரு தடவை அங்க போய்ப் பாருங்க, அப்படியே பூநாரையும் பாக்கலாம்.

ஜெயிச்சுட்டோம்னு சொல்ல மாட்டேன். அந்த அளவு மழை எங்களுக்குத் திரும்ப வரலை, அதனால எவ்வளவு தாங்கும்னு தெரியாது.

என் வாசல்ல இப்ப சிலாப் இல்லை. அதே கொத்தனார்தான் உடைச்சார், கூலியைக் கறாரா வாங்கிக்கிட்டார். கழட்டி மாட்டற மாதிரி இரும்புக் கிராதி போட்டிருக்கோம், மாசம் ஒரு தடவை தூக்கி மண் அள்றோம். வயசானவங்க ஏறும்போது தடுமாறுதுன்னு திட்டுறாங்க. ஒரு கைப்பிடி வைக்கணும்.