நாறும் ஊர் இல்லை, புகையும் ஊர்

இன்னிக்கு ஒரு தப்பை ஒத்துக்கத்தான் வந்திருக்கேன்.

போன வாரம் வகுப்பில் ஆடம் ஸ்மித் பற்றி செமினார் எடுத்தேன். அவர் 1790ல் இறந்த ஊர் ஸ்காட்லாந்தின் தலைநகரமான எடின்பரோ. அதற்கு 'ஆல்ட் ரீக்கி' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. 'ஆல்ட்' என்றால் பழைய. 'ரீக்' என்றால் ஆங்கிலத்தில் நாற்றம். "நாத்தம் புடிச்ச பழைய ஊர்" என்று நானே அர்த்தம் சொல்ல, வகுப்பே சிரித்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அப்ப நம்ம புகைவண்டியோட ஊருடா அது!"

புகைவண்டி எங்கள் வகுப்புத் தோழன். அவன் அம்மா இட்லிக்கடை வைத்திருக்கிறார். விறகடுப்பு. காலையில் கடையில் வேலை பார்த்துவிட்டு வருவதால் அவன் சட்டையில் புகை வாசம் இருக்கும். முதல் வருஷம் அந்தப் பெயரை வைத்ததே நான்தான்.

வீட்டுக்கு வந்து தேடினால், நான் சொன்ன அர்த்தம் தப்பு! ஸ்காட்லாந்து மக்களின் ஸ்காட்ஸ் மொழியில் 'ரீக்' என்றால் புகை. ஆங்கிலத்தில்தான் அது நாற்றமாக மாறிவிட்டது. பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்த நம் 'நாற்றம்' இன்று கெட்ட வாடையாகிவிட்ட மாதிரி.

பழைய எடின்பரோ ஒரு குறுகலான மலைமுகட்டில் இருந்தது. இடம் போதாமல் மாடி மேல் மாடியாகக் கட்டினார்கள். வீட்டுக்கு வீடு அடுப்பு, அதில் நிலக்கரியும் விறகும். ஊர் மேல் எப்போதும் புகை. ஜன்னல் வழியாகக் கழிவைத் தெருவில் கொட்டியதும் உண்மைதான். ஆனால் பெயர் வந்தது அதனால் அல்ல.

ராபர்ட் சேம்பர்ஸ் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் ஒரு கதையைப் பதிவு செய்திருக்கிறார். கடலின் அக்கரையில், ஃபைஃப் பகுதியில், டர்ஹாம் என்று ஒரு பெரியவர். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எடின்பரோ அடுப்புகள் எரிந்து புகை கூடுவதைப் பார்த்துத்தான் அவர் வீட்டில் மாலைப் பிரார்த்தனைக்கு நேரம் குறிப்பாராம். ஊருக்கே கடிகாரம் அந்தப் புகை!

1773ல் ராபர்ட் ஃபெர்குசன் இந்தப் பெயரிலேயே ஒரு கவிதை எழுதினார். அப்போது அவருக்கு நம்ம வயசுதான். அடுத்த வருஷமே, 24 வயசில், இறந்துபோனார். அவரும் ஆடம் ஸ்மித்தும் அடக்கமாகி இருப்பது ஒரே கேனன்கேட் கல்லறைத் தோட்டத்தில்.

1956ல் தூய காற்றுச் சட்டம் வந்தபின் புகை மெல்ல மெல்லக் குறைந்தது. ஆனாலும் ஸ்காட் நினைவுச் சின்னத்தின் கல்லில் கறுப்பு இன்னும் போகவில்லை. பட்டப்பெயரும் போகவில்லை. ஊர்க்காரர்கள் அதைப் பாசமாகத்தான் சொல்கிறார்கள்.

எனக்குச் சுருக்கென்று பட்டது இன்னொரு விஷயம். "உங்க வீட்டுப் புகைபோக்கி ரொம்ப காலம் புகையட்டும்" என்பது ஸ்காட்லாந்தில் ஒரு வாழ்த்து. நம்ம ஊர்க் கணக்கில், "உங்க அடுப்பில் பூனை தூங்காமல் இருக்கட்டும்!" புகை என்றால் அங்கே அடுப்பு எரிகிறது, யாரோ சாப்பிடப் போகிறார்கள். அதைத்தான் நான் கேலிப்பெயர் ஆக்கியிருக்கிறேன்.

நேற்று அவனிடம் எல்லாவற்றையும் சொல்லி, "மன்னிச்சுடுடா" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்த ஊர்க்காரங்க அந்தப் பேரை அவங்களே வச்சுக்கிட்டாங்க. எனக்கு நீ வச்சே" என்றான்.

பதில் சொல்ல முடியவில்லை. இனிமேல் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடப் போகிறேன். வகுப்பு நண்பர்களே, நீங்களும்தான்.