திருமங்கலத்தின் இன்னொரு ஃபார்முலா!

திருமங்கலம்னதும் உங்களுக்கு 2009 இடைத்தேர்தல் ‘ஃபார்முலா’தானே ஞாபகம் வருது? பாஸ், இங்க அதைவிடப் பழைய ஃபார்முலா ஒண்ணு இருக்கு. பார்க்கணும்னா பஸ் ஸ்டாண்டுல இறங்கி, ஊரைத் தாண்டி ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில ஏறுங்க.

ஒரு பக்கம் சீமைக் கருவேலங்காடு. அதுதான் கண்மாய்! இன்னொரு பக்கம் மடை, வயல். பெரியாறு-வைகை தண்ணி வர்ற திருமங்கலம் பிரதான கால்வாய்ல பாசனம் 19,439 ஏக்கர், அதுவும் ஒரு போகம்தான். மத்ததுக்கு மழைதான் கதி. அதனால வரத்துக் கால்வாய் தூர் வார வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட வரணும். குடிமராமத்து! மடை திறக்கிற நீர்பாய்ச்சிக்கு அறுவடையில நெல்லு.

எங்க ஊர் பக்கத்துலதான். “இப்ப ஏன் தாத்தா யாரும் போறதில்ல?”னு கேட்டேன். “நாமதான் போர் போட்டுட்டோம்லடா” என்றார், சர்வசாதாரணமாக.

நான் மெக்கானிக்கல். எகனாமிக்ஸ்னா எட்டடி தள்ளி நிற்பேன். ஆனா தாத்தா சொன்ன அதே வரியைத்தான் கஜிசா, பழனிசாமி, சகுராய்னு மூணு பேர் தமிழ்நாட்டுக் கண்மாய்களை வெச்சு ஆராய்ச்சி பண்ணி, 2007-ல கட்டுரையா எழுதியிருக்காங்க. கிணறு வந்தவங்க கண்மாய் வேலைக்கு வர்றதில்ல. கூட்டு வேலை படுத்துடுது. கிணறு இல்லாதவங்களுக்கு விளைச்சலும் போகுது, வருமானமும் போகுது. இதுல கூத்து என்னன்னா, கிணத்துக்கு ஊறுறதே கண்மாய்த் தண்ணிதான்!

இது நம்ம ஊர் கதை மட்டுமில்லீங்க. லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் எல்லாரும் இஷ்டத்துக்கு பம்ப் போட்டு இறைச்சு, நிலத்தடியில கடல் தண்ணியே புகுந்துடுச்சு. போட்டி போட்டவங்களே உட்கார்ந்து பேசி, கோர்ட் வரைக்கும் போய், ஆளுக்கு இவ்வளவுன்னு அளவு வெச்சாங்க. அது எப்படி நடந்துச்சுனு 1965-ல பிஹெச்.டி. பண்ணவங்க எலினோர் ஆஸ்ட்ரம். பொருளாதார நோபல் வாங்கின முதல் பெண். வருஷம்? அதே 2009!

எங்க பக்கத்து வயல் மாமாவுக்குக் கிணறு கிடையாது. எங்க போர்லதான் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துத் தண்ணி பாய்ச்சுறார். எங்களுக்குக் கரன்ட் இலவசம். லீவுக்குப் போனா அந்தக் கணக்கு நோட்டை எழுதுறது நான்தான். போன செமஸ்டர் ஃபீஸ்ல அந்தப் பணமும் இருந்துச்சு.