குட்டைக்கு முன்னாடி வாய்க்கால்

வீட்டுக்குப் பின்னால ஒரு குட்டை வெட்டணும்னு போன சித்திரையில முடிவு பண்ணேன். இப்ப மாசி முடியப் போகுது. இன்னும் ஒரு கூடை மண்ணுகூட எடுக்கல. முளைக்குச்சி அடிச்சு கயிறு கட்டி வச்சிருக்கேன், அவ்வளவுதான். இத்தனை மாசமா என்னதான் பண்றீங்கன்னு வீட்டுக்காரம்மா கேக்குது. அதுக்குப் பதிலாத்தான் இதை எழுதறேன்.

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, ஆகாய கங்கையில குளிச்சுட்டுப் போனவங்ககிட்ட கொல்லிமலையில தண்ணிக்குக் கஷ்டம்னு சொன்னா சிரிப்பீங்க. மழை நல்லாத்தான் பெய்யுது. ஆனா சரிவுல பெய்யுது. விழுந்த தண்ணி நிக்காம ஓடையைப் பிடிச்சு, ஐயாத்துல சேர்ந்து, அருவியா விழுந்து, புளியஞ்சோலை வழியா கீழ்நாட்டுக்குப் போயிடுது. ஐப்பசியில கொப்புளிச்ச ஊத்து பங்குனியில நூல் மாதிரி ஆயிடும். சில்வர் ஓக் மரத்துல புதுசா மிளகுக்கொடி ஏத்தியிருக்கேன். முதல் ரெண்டு கோடை தாண்டிட்டா அது தானா பொழச்சுக்கும். அந்த ரெண்டு கோடைக்கு யாராவது தண்ணி சுமக்கணும். போன கோடையில சுமந்தது எங்க அம்மா. அவங்களுக்கு வயசு அறுபத்தி நாலு.

குட்டைக்கு நான் முதல்ல பார்த்த இடம் வீட்டுக்கு மேல, அடுப்படிக்குப் பின்பக்கம் இருக்கிற சின்ன சமதளம். ஊத்து பக்கத்துல இருக்கு. மேட்டுல இருக்கறதால மோட்டாரே வேண்டாம், குழாயைப் போட்டா தண்ணி தானா இறங்கும். எனக்கு அதைவிட நல்ல இடம் உலகத்துலயே இல்லைன்னு தோணுச்சு. அம்மாகிட்ட காட்டினேன்.

"அங்க வேண்டாம் சாமி. அடமழையில அடுப்படிச் சுவரு வேர்க்கும், பார்த்ததில்லையா நீ?"

நான் கேக்கல. ஆனா நேரா பெரிய குழி வெட்டாம, சோதனைக்கு மூணுக்கு மூணு, மூணடி ஆழத்துல ஒரு குழி எடுத்தேன். ஊத்துல இருந்து குழாய் போட்டு நிரப்பினேன். சுமார் 750 லிட்டர் பிடிக்கும். காலையில பார்த்தா பாதிக்கு மேல காணோம். திரும்ப நிரப்பினேன். மூணாவது நாள் சாயந்தரம் அம்மா கூப்பிட்டு அடுப்படிச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாங்க. தரையில இருந்து ஒரு முழம் உசரத்துக்கு ஈரம். அந்த மாசம் ஒரு சொட்டு மழை பெய்யல.

ஒரு சின்னக் குழிக்கே இந்தக் கதின்னா, இருபதாயிரம் லிட்டர் அங்க நின்னிருந்தா? மண்ணு தண்ணி குடிச்சா கனமாகும், பிடிப்பும் விட்டுப்போகும். வயநாட்டுல 2024 ஜூலையில சரிவு இறங்குன படத்தையெல்லாம் பார்த்துட்டுத்தான் நானும் இருந்தேன். அது பெருமழை, பெரிய மலை. என் குட்டையை அதோட ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் தூங்கறவங்க தலைக்கு மேல தண்ணியைத் தேக்கக் கூடாதுன்னு அன்னிக்கு ராத்திரி எனக்குப் பட்டுச்சு. மறுநாளே குழியை மூடி, மிதிச்சுக் கெட்டிப்படுத்தினேன். அம்மா ஒண்ணும் சொல்லல. டீ மட்டும் கொண்டுவந்து குடுத்தாங்க.

அப்ப வீட்டுக்குக் கீழ்ப்பக்கம்தான். அங்கேயும் எங்கன்னு ஒரு கேள்வி. பலா மரத்தடி நிழலா இருக்கும், தண்ணி வத்தாதுன்னு மச்சான் சொன்னாரு. ஆனா உதிர்ற இலையெல்லாம் குட்டைக்குள்ள அழுகும், வேர் கரையைத் துளைக்கும். மாட்டுக் கொட்டகைக்குக் கீழே வச்சா மூத்திரமும் சாணித் தண்ணியும் நேரா இறங்கி, குட்டை பச்சைப் பாசியாயிடும். கக்கூஸ் குழிக்குப் பக்கத்துல வைக்கறதைப் பத்திப் பேசவே வேண்டாம். கடைசியா நின்னது களத்துக்குக் கீழே கிழக்கால இருக்கற துண்டு. காலை வெயில் படும், மதியத்துக்கு மேல நிழல். அடுப்படியில இருந்து பார்த்தா தெரியும். எங்க சின்னது நாலு வயசு, அதனால அதுவும் முக்கியம். கரையை நேர் சுவரா இறக்காம சரிவா இறக்கறதும் அதுக்குத்தான். புள்ளையோ ஆட்டுக்குட்டியோ விழுந்தா ஏறி வரணும். பிளாஸ்டிக் ஷீட் விரிச்ச குட்டை வழுக்கும், நீச்சல் தெரிஞ்சவனே ஏற முடியாது. அப்படி விரிக்கிறவங்க முடிச்சுப் போட்ட கயிறு ஒண்ணைக் கரையில கட்டித் தொங்க விடுங்க.

அங்கேயும் சோதனைக் குழி போட்டேன். ஒரே ராத்திரியில ஒரு சாண் இறங்குச்சு. செம்மண்ணு அப்படித்தான். அப்புறம் பள்ளத்து நெல் வயல்ல இருந்து களிமண்ணு எடுத்துட்டு வந்து, சேறா மிதிச்சு, உள்பக்கம் அரையடி கனத்துக்குப் பூசித் தட்டினேன். அடுத்த ராத்திரி ரெண்டு விரக்கடைதான் இறங்குச்சு. அது போதும்.

கணக்கு போட உக்காந்தப்பதான் வயிறு கலங்குச்சு. இருபதடிக்குப் பதினஞ்சடி, ஆழம் அஞ்சடி. நேரா வெட்டினா 42,000 லிட்டர். சரிவு வச்சு வெட்டினா கிட்டத்தட்ட பாதி, 22,000 லிட்டர். சரி, போகட்டும். வரத்து எவ்வளவு? வீட்டு ஓடும் சிமெண்ட் களமும் சேர்த்து ஆயிரம் சதுர அடி. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு லிட்டர். அப்படிப் பார்த்தா ஒரு நாள் 10 சென்டிமீட்டர் பெஞ்சா 9,300 லிட்டர் ஓடி வரும். குட்டை மேலேயே நேரா விழறது இன்னொரு 2,800. ரெண்டு நாள் விடாம பெஞ்சா குட்டை தளும்பிடும். ஐப்பசியில ரெண்டு நாளோட நின்ன மழையை நான் பார்த்ததில்லை.

மூணாவது நாள் தண்ணி எங்க போகும்?

நம்ம ஏரிகளைக் கட்டினவங்க இதை யோசிக்காம கரையே போடல. ஏரின்னா கரை, மதகு, கலிங்கு மூணும் சேர்ந்ததுதான். கலிங்குங்கறது மிச்சத் தண்ணி வழிஞ்சு போக விட்ட கல்கட்டு. கரையைவிடத் தாழ்வா, கெட்டியான இடமா பார்த்துக் கட்டியிருப்பாங்க. ஒரு ஏரி கலிங்குல வழியறது அடுத்த ஏரிக்கு வரத்து. சென்னையில இருக்கறவங்களுக்கு 2015 டிசம்பர் மறந்திருக்காது. செம்பரம்பாக்கத்து உபரித் தண்ணி அடையாத்துல வந்தப்ப, அது போற வழியில எத்தனை வீடு இருந்துச்சு!

என் குட்டையோட மிச்சத் தண்ணி போற வழியில இருந்தது என் பெரியப்பா பையன் காடு.

இங்க ஒண்ணு சொல்லியாகணும். ரெண்டு வருஷமா எனக்கும் அண்ணனுக்கும் பேச்சில்லை. அதுக்குக் காரணமும் தண்ணிதான். மிளகு காயப்போட நான் களத்தை சிமெண்ட்டா மாத்தினேன். அந்த ஐப்பசியில களத்துத் தண்ணி மொத்தமும் ஒரே மூலையில திரண்டு அவரு காட்டுக்குள்ள பாய்ஞ்சு, மரவள்ளி வச்சிருந்த மூணு வரப்பை அறுத்துட்டுப் போயிடுச்சு. வந்து கேட்டாரு. "மழை பெஞ்சா நான் என்னண்ணா பண்ணட்டும்"னு சொன்னேன். மண்ணு களமா இருந்தவரைக்கும் பாதித் தண்ணியை அதுவே குடிச்சுட்டு இருந்துச்சுங்கறது அப்ப எனக்குத் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். தெரிஞ்சேதான் சொன்னேன்.

இந்த ஐப்பசி முழுக்க குடையைப் பிடிச்சுட்டு களத்து மூலையில நின்னு தண்ணி போற வழியைப் பார்த்தேன். வீட்டுக்காரம்மாவுக்குப் பைத்தியம் பிடிச்சவனாத்தான் தெரிஞ்சிருப்பேன். எப்படிச் சுத்தினாலும் அவரு காட்டைத் தொடாம ஓடைக்குப் போக வழியில்லை. குழாய் போட்டுப் புதைச்சுடலாம்னு மச்சான் சொன்னாரு. நாலு இஞ்சு குழாயே அளவுக்குத் தாங்கும்தான், ஆனா ஒரு பலா இலை வாயில ஒட்டினா போதும், தண்ணி கரை ஏறி வழியும். புதுக்கரை மேல வழிஞ்சா ஒரு மணி நேரத்துல கரையே இருக்காது. தொறந்த வாய்க்கால்தான் வேணும், ரெண்டடி அகலத்துல, கல் பதிச்சு, போட்ட மண்ணு மேல இல்லாம வெட்டாத பழைய மண்ணு மேல.

தை பொறந்து ரெண்டு வாரம் கழிச்சு அவரு வீட்டுக்குப் போனேன். அண்ணிதான் வாசல்ல இருந்தாங்க. "வா தம்பி"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. அண்ணன் வெளிய வந்து திண்ணையில உக்காந்தாரு. குட்டை விஷயத்தைச் சொல்லி, "உங்க காட்டு வழியா வாய்க்கால் விடணும், கல்லு, கூலி எல்லாம் என் செலவு"ன்னு சொன்னேன். அவரு பதில் சொல்லல. மரவள்ளி விஷயத்துல நான் பேசினது தப்புன்னும் சொன்னேன். அது வாயில இருந்து வர்றதுக்குக் கொஞ்ச நேரமாச்சு.

"எதுக்குடா என் காட்டு நடுவுல விடணும்? தாத்தா வாய்க்கால் எங்க போச்சு?"

எனக்கு ஒண்ணும் புரியல. கம்பை எடுத்துட்டு முன்னாடி நடந்தாரு. ரெண்டு காட்டுக்கும் பொதுவரப்புல, என் பக்கத்துக் காப்பிச் செடிக்கு நடுவுல போய் கம்பால குத்தினாரு. ஓரடிக்குக் கீழே கல்லுல இடிச்சுச்சு. நாலு எட்டு தள்ளி இன்னொரு குத்து, அங்கேயும் கல்லு. தாத்தா காலத்துக் கல் வாய்க்கால், நேரா ஓடைக்குப் போகுது. காப்பி வைக்கறப்ப எங்க அப்பாதான் மண்ணைத் தள்ளி மூடியிருக்காரு. அண்ணனுக்கு அப்ப பத்து வயசு, பார்த்துட்டு நின்னாராம்.

போன வாரம் பன்னெண்டு காப்பிச் செடியைப் பிடுங்கினேன். வாய்க்கால் நாப்பதடிக்கு வெளிய வந்திருச்சு, இன்னும் அறுபதடி இருக்கும். குட்டைக்குள்ள தண்ணி நுழையற இடத்துல ரெண்டடிக்கு ஒரு வண்டல் குழி. களத்து மண்ணு அதுல தங்கிடும், வருஷம் ஒருக்கா அள்ளி மிளகுக்குப் போடலாம். கொசுவுக்கு வயல் வாய்க்கால்ல இருக்கற பொடி மீனையே பிடிச்சு விடறதா இருக்கேன். வெளியூர் மீன் வேண்டாம். வாய்க்கால்ல இறங்கினா அது நேரா ஐயாத்துக்குப் போயிடும்.

நேத்து அண்ணன் வந்தாரு. நான் கட்டி வச்சிருந்த கயித்தை ஒரு சுத்து சுத்திப் பார்த்தாரு. கொத்தனார்கிட்ட வாங்கி வச்ச டியூப் லெவலை ரெண்டு பேரும் ஆளுக்கொரு முனையா பிடிச்சோம். கலிங்கு வர்ற மூலை நான் நினைச்சதைவிட நாலு விரக்கடை மேடா இருந்துச்சு. அவரே முளைக்குச்சியைப் பிடுங்கி ரெண்டடி தள்ளி அடிச்சாரு. சித்திரை பொறந்ததும் வெட்ட ஆரம்பிக்கணும், ஆடிக்குள்ள கரை இறுகணும்னாரு. அம்மா டீ கொண்டுவந்தாங்க. இந்தத் தடவை ரெண்டு டம்ளர்.